சொல்லாத சொல்லுக்குக் கூலி

மெயரிம் ஆற்றங்கரை ஊர்களில்
ஒலிபெருக்கி கட்டிய ஒரே கார் என்னுடையது.
ஒரு கதவு கயிற்றில் நிற்கிறது.
மீன் வந்தால் சொல்வேன்,
எருமை தொலைந்தால் சொல்வேன்,
தேர்தலில் இரண்டு கட்சிக்கும்
ஒரே தொண்டையால் வாழ்க சொல்வேன்.
சாவுக்கு மட்டும் பாதிக் கூலி.
மாரடைப்பு, பாம்புக்கடி, படகு கவிழ்ந்தது,
எல்லாம் சொல்லியாயிற்று.
எவலாசியோ செத்தபோது
"நீண்ட நாள் நோய்" என்று எழுதிக் கொடுத்தார்கள்.
படித்தேன்.
என்ன நோய் என்று ஊருக்கே தெரியும்,
யாருக்கும் தெரியாது.

மழை விட்ட ஒரு செவ்வாய்க்கிழமை
அவன் தம்பி டெயுசிமார் வந்தான்.
சாவோ லூயிஸ் ஆஸ்பத்திரியில்
நாற்பது நாள் கிடந்து திரும்பியவன்.
குடலிறக்கம் என்று சொல்லி வைத்திருந்தாள்
மனைவி எட்னால்வா.
உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.
ஒரு கூடை நண்டையும்
நான்காய் மடித்த காகிதத்தையும்
காரின் மூக்கில் வைத்தான்.

பென்சில் எழுத்து.
"ஆண்களே, ஆண்குறியிலும் புற்றுநோய் வரும்."
முதல் வரியே அது.
ஒரு நண்டு கூடையைவிட்டு ஏறப் பார்த்தது.
நான் நண்டையே பார்த்தேன்.

"வேற வார்த்தை போடலாமே," என்றேன்.
"கீழே, அந்தரங்கம், இப்படி ஏதாவது."

"அண்ணன் அப்படித்தான் சொன்னான்," என்றான்.
"கீழே கொஞ்சம் எரிச்சல்னு. ரெண்டு வருஷம்.
மருந்துக்கடையில் களிம்பு கேட்டான்,
கைக்குன்னு சொல்லி.
அவன் போனபிறகு
அதே டப்பாவில் மிச்சத்தை
நான் தடவினேன்."

கார் கிளம்பியது. அவன் பக்கத்தில்.
முதல் தெருவில் "ஆண்களே" வரை வந்தது,
அப்புறம் இருமல்.
சந்தை முனையில் மறுபடி முயன்றேன்:
ஆண் என்றேன்,
குறி தப்பியது.
கோயில் வாசலில் சத்தத்தைக் குறைத்தேன்.
இருபது வருஷமாய் வாயை விற்றுப் பிழைக்கிறவன்.

மைக்கைப் பிடுங்கினான்.
நல்ல குரல் இல்லை,
மீன் கூவிக் கரகரத்த குரல்.
"நான் டெயுசிமார். கெளுத்தி விக்கிறவன்.
எனக்குப் பாதியை வெட்டிட்டாங்க.
தோலுக்கு அடியில் பயறளவு புண்.
வலிக்கலை, அதான் ஏமாத்திடுச்சு.
ஆறவும் இல்லை. நாத்தம் வந்தது.
மீன்காரன் மேல நாத்தம் அடிச்சா
யார் சந்தேகப்படுவாங்க?
குளிக்கும்போது முன்தோலைத் தள்ளி
சோப்பு போட்டுக் கழுவுங்க. பாருங்க.
தோல் பின்னால வரலைன்னா அதையும் போய்ச் சொல்லுங்க.
பையன்களுக்குத் தடுப்பூசி இருக்கு.
முதல் மாசமே வந்திருந்தா
இவ்வளவு வெட்டியிருக்க வேண்டாம்னு
டாக்டரம்மா சொன்னாங்க.
பெண் சீக்குன்னு சிரிக்காதீங்க,
எவளும் கொடுத்த சாபம் இல்லை இது.
உக்காந்துதான் ஒண்ணுக்குப் போறேன்.
ஆனா போறேன்."

மதுக்கடையில் டோமினோ காய் ஒன்று
மேசைக்கு வராமல் கையிலேயே நின்றது.
ஒருவன் சிரித்தான்.
துணைக்கு யாரும் சிரிக்காததால்
அந்தச் சிரிப்பை என்ன செய்வதென்று
அவனுக்கே தெரியவில்லை.
பாபசு காய் உடைக்கிற பெண்கள் பக்கம்
தட்டுகிற சத்தம் அடங்கியது.
பின்னால் ஓடிவந்த பிள்ளைகளுக்கு மட்டும்
அந்தச் சொல் கடலைமிட்டாய்.
கத்திக் கத்தி மென்றார்கள்.

டெயுசிமார் வீட்டு வாசலில் எட்னால்வா.
நிறுத்து என்று கை காட்டினாள்.
போச்சு என்று நினைத்தேன்.
ஜன்னலுக்குள் குனிந்து
"ஏன் முனகுது உன் வண்டி?
சத்தத்தைக் கூட்டு," என்றாள்.

கூட்டினேன்.

அந்த வாரம் ஊர் மருத்துவமனைக்கு
மூன்று பேர் போனார்களாம்.
அதில் ஒருவன் பல்வலி என்று சீட்டு வாங்கி,
உள்ளே போனதும்
நர்ஸிடம் கதவைச் சாத்தச் சொன்னானாம்.
அவன் பெயரை நீங்கள் கேட்காதது நல்லது.

நண்டைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும்.
அன்றைக்கே தின்றுவிட்டேன்.